பாட்டு டீச்சரும் பாஸ்வேர்டும்

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் பள்ளி ஆசிரியராக இருந்தார், சித்த மருத்துவரானார், இசையை ஆராய்ந்தார், மின்சாரத்தில் ஓடும் அச்சகம் வைத்தார். இதை யாரும் தடுமாற்றம் என்று எழுதியதில்லை. பல்துறை மேதை என்கிறார்கள். சரிதான். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ அவருடைய அந்த அச்சகத்திலிருந்துதான் வந்தது. ஆனால் 1916 பரோடா இசை மாநாட்டில் அவருடைய சுருதிக் கணக்கை வீணையில் மெய்ப்பித்தவர்கள் அவர் வீட்டுப் பெண்கள். வரலாறு அவர்களுக்குக் கொடுத்திருப்பது ‘வாசித்துக் காட்டினர்’ என்ற ஒரு வினைமுற்று மட்டும். கணக்கு அவருடையது, விரல் மட்டும் இவர்களுடையது என்பதுபோல.

அந்த வினைமுற்று இன்றைய அரசுப் பள்ளியிலும் வேலை செய்கிறது. 2012இல் தமிழக அரசு 16,549 பகுதி நேரச் சிறப்பாசிரியர்களை நியமித்தது. ஓவியம், இசை, தையல், கணினி, உடற்கல்வி எல்லாம் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். மே மாதச் சம்பளம் அப்போது கிடையாது. தொகை பிறகு உயர்ந்தது; ‘பகுதி நேரம்’ என்ற சொல் நகரவில்லை.

வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில் அப்படிச் சேர்ந்த பாட்டு டீச்சர் ஒருவர் என் தோழி. இன்று அந்தப் பள்ளியின் எமிஸ் பதிவுகள், ஸ்மார்ட் வகுப்பறைத் திரை, எல்லா ஆசிரியர்களின் மறந்துபோன பாஸ்வேர்டுகள் அனைத்தும் அவர் பொறுப்பு. தொடக்கம் ஒரே ஒரு வாக்கியம்: “நீங்க சும்மாதானே இருக்கீங்க டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

இந்தச் ‘சும்மா’வை நாம் வீட்டில் கேட்டிருக்கிறோம். சமைத்துத் துவைத்துப் பிள்ளை வளர்ப்பவளிடம் சொல்வது அது. பள்ளியில் அது இரண்டு வேலையை ஒரே மூச்சில் அழிக்கிறது. பாட்டு வேலையில்லை, கணினி வேலை உதவி. ‘கொஞ்சம்’ என்பதற்கும் அளவு கிடையாது. சர்வர் பகலில் நகராவிட்டால் அது இரவு பதினொரு மணி வரை நீளும், வீட்டில், சொந்த போனில், சொந்த டேட்டாவில்.

இசையை இயந்திரம் தின்றுவிட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோழிக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. (சுருதிப்பெட்டியைத் திருகித் திருகிப் பழகிய கை அது, செட்டிங்ஸைக் கண்டா பயப்படும்?) ஆண்டு விழாப் பாட்டுக்கு டிராக் வெட்டி ஒட்டுவதும் அவர்தான். அவர் கேட்பது பழைய வேலைக்குத் திரும்ப அல்ல. செய்யும் வேலைக்கு ஒரு பதவிப் பெயர், அந்தப் பெயருக்கு ஓர் ஊதியம், அதோடு எட்டாம் வகுப்புக்குப் பறிபோன பாட்டு பீரியட்.

வருகைப் பதிவேட்டில் இன்னும் அவர் பெயருக்கு எதிரே ‘இசை (ப.நே.)’ என்றே இருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுபவரும் அவரே.