அசையும் கையும் காத்திருக்கும் கையும்: ‘ஸ்கைவர்ட் சோர்ட்’ காணொளி விளையாட்டை முன்வைத்து

முன்னுரை

காணொளி விளையாட்டுகளைத் திறனாய்வுக்குரிய படைப்புகளாகக் கருதுவோருள் பலர், அவற்றின் கதையை மட்டும் எடுத்துரைத்து அமைகின்றனர். கதையே முழுப்பொருள் எனின் ஆடுபவர் வேண்டியதில்லை, பார்வையாளரே போதும். ஆடுபவரின் உடல் பொருளாக்கத்தில் என்ன பங்கு வகிக்கிறது என்பதை, 2011 நவம்பரில் நின்டெண்டோ நிறுவனம் ‘வீ’ கருவிக்காக வெளியிட்ட ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா: ஸ்கைவர்ட் சோர்ட்’ என்னும் ஆட்டத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. வானில் மிதக்கும் ஸ்கைலாஃப்ட் என்னும் ஊரில் வாழும் லிங்க், காணாமற்போன தோழி செல்டாவைத் தேடி மேகங்களுக்குக் கீழுள்ள நிலத்திற்கு இறங்குவதே இதன் கதை.

கையும் வாளும்

இதே வரிசையில் 2006இல் வெளிவந்த ‘ட்வைலைட் பிரின்சஸ்’ ஆட்டத்தில் லிங்க் இடக்கைப் பழக்கமுடையவன். ஆடுவோருள் பெரும்பாலோர் வலக்கையர் என்பதால், ‘வீ’ பதிப்பில் அவ்வுலகம் முழுவதுமே கண்ணாடிப் பிம்பம்போல் இடவலமாக மாற்றப்பட்டது. ஆடுபவரின் ஒரு கைக்காக ஓர் உலகமே திருப்பப்பட்டது எனலாம். ஆயினும், அங்குக் கை சென்ற திசையில் வாள் செல்லவில்லை. கருவியை அசைப்பது பொத்தானை அழுத்துவதற்கு மாற்றாக மட்டுமே அமைந்தது. சுழற்சியை அளக்கும் உணரி 2009இல் துணைக்கருவியாக வந்தது. அதன் துணையால் ‘ஸ்கைவர்ட் சோர்ட்’ ஆட்டத்தில் கையின் திசையே வாளின் திசையாயிற்று. கிடையாக வாய் திறக்கும் செடியைக் கிடையாகவும், செங்குத்தாக வாய் திறப்பதைச் செங்குத்தாகவும் வெட்டுதல் வேண்டும்.

காத்திருக்கும் கை

இத்தகைய ஆட்டங்கள் உடலை வேகமாக அசைக்கத் தூண்டுவன என்பது பொதுவான கருத்து. இவ்வாட்டம் அதற்கு மாறானதைக் கற்பிக்கிறது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. முதற்கோயிலின் முடிவில் எதிர்ப்படும் கிராஹிம் என்னும் பகைவன் வெறுங்கையை நீட்டியபடி நிற்கிறான். வாள் இருக்கும் பக்கம் நோக்கி அவன் கை நகர்கிறது. அப்பக்கத்திலிருந்து வீசினால் வாளைப் பற்றிக்கொள்கிறான். ஆகவே வாளை ஒருபுறம் அசையாது நிறுத்தி, அவன் கையை அங்கே வரவழைத்து, மறுபுறத்திலிருந்து விரைந்து வெட்டுதல் வேண்டும். ஆடுபவர் பகைவனைப் படிப்பதுபோலவே பகைவனும் ஆடுபவரின் கையைப் படிக்கிறான். பதற்றத்துடன் வீசுவோர் தோற்கின்றனர்.

நமக்கு அறிமுகமான ஒரு கருத்தாக்கம் இங்குத் துணைபுரியும். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்துரைக்கிறார். அகத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுதல் மெய்ப்பாடு. ஜப்பானில் உருவான இவ்வாட்டத்திற்கும் அந்நூலுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. கருத்தாக்கம் ஒரு கருவியாகவே இங்குக் கொள்ளப்படுகிறது. கிராஹிமுடன் பொருதும்போது ஆடுபவரின் அச்சமும் வெகுளியும் கைவழியே புலப்பட்டுவிடுகின்றன. வெல்ல வேண்டுமாயின் அவை புலப்படாமற் காத்தல் வேண்டும். வாளை வான்நோக்கி உயர்த்தி ஒளி திரளும்வரை காத்திருக்கும் செயலிலோ இம்முறை தலைகீழாகிறது. அங்கு மெய் முதலில் உயர்கிறது. பெருமிதம் பின்னர் வருகிறது.

குறையும் மறுபதிப்பும்

இம்முறைக்குக் குறையும் உண்டு. வாளை மறுபுறம் கொண்டுசெல்ல எண்ணி அசைக்கும் கை, சற்று விரைந்தால் வெட்டாகவே கொள்ளப்படுகிறது. ஆயத்தத்தையும் செயலையும் உணரி பிரித்தறிவது வேகத்தைக் கொண்டே. ஆடுபவரின் நோக்கத்தை அது அறியாது. உணரியின் நிலை விலகும்போது கருவியை மீண்டும் மையப்படுத்தவும் வேண்டியுள்ளது. அப்போது கை வாளாக இருப்பதை விடுத்து மீண்டும் கருவியைப் பிடித்த கையாகிவிடுகிறது.

2021 ஜூலையில் ‘ஸ்விட்ச்’ கருவிக்கு வந்த மறுபதிப்பு, அசைவின்றியே ஆடும் வழியையும் சேர்த்தது. அங்குக் கட்டைவிரலால் சிறு குச்சியைத் தள்ளும் திசையில் வாள் வீசப்படுகிறது. கையை உயர்த்தி வீச இயலாதோருக்கு இவ்வுலகின் வாயிலை அது திறந்தது. இதனைச் சிதைவெனக் கூறுதல் பொருந்தாது. கிராஹிமை ஏமாற்றும் அறிவு விரலுக்கும் எட்டும். ஆனால், தோள் உணரும் காத்திருப்பு விரலுக்கு எட்டாது. கதை ஒன்றே, நிகழ்த்துதல் வேறு.

முடிவுரை

ஒரே பாடலை ஒரு மாணவர் மனத்துள் படிப்பதும் வகுப்பில் எழுந்து நின்று வாய்விட்டுப் படிப்பதும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர்கள் அறிவர். அவ்வேறுபாட்டைக் காணொளி விளையாட்டுத் திறனாய்வும் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். ‘என்ன நிகழ்ந்தது’ என்பதோடு ‘எந்த உடல், எவ்வாறு அதனை நிகழ்த்தியது’ என்றும் வினவுதல் தேவை. ஆடிப்பாராது பதிவைக் கண்டு மட்டும் எழுதுவோருக்குக் கிராஹிமின் தோல்வி தெரியும். அதற்குமுன் அசையாது நின்ற கை தெரியாது.