குரோமோசோமின் உருவமும் செடிகளின் குலமுறையும்

யூக்காவும் ஆனைக்கற்றாழையும் நெடுங்காலம் வேறு வேறு குடும்பங்களில் வைக்கப்பட்டிருந்தன. யூக்காவுக்கு மேல்மட்டச் சூற்பை, ஆனைக்கற்றாழைக்குக் கீழ்மட்டச் சூற்பை. அதனால் ஒன்று லில்லிக் குடும்பத்துக்கும் மற்றது அமரில்லிஸ் குடும்பத்துக்கும் போயிற்று. 1933-இல் மெக்கெல்வியும் சாக்ஸும் இவற்றின் குரோமோசோம்களை ஒப்பிட்டபோது, இரண்டிலும் ஒற்றைத் தொகுதியில் பெரியவை 5, மிகச் சிறியவை 25 என்று ஒரே அமைப்பு தெரிந்தது. 30 என்ற எண்ணிக்கை மட்டும் என்றால் தற்செயலாகப் பொருந்தலாம். இந்த ஏற்றத்தாழ்வும் சேர்ந்து பொருந்துவது அரிது. பின்னாளில் டி.என்.ஏ. வரிசைகளும் அந்த உறவையே உறுதிசெய்தன.

எண்ணினால் போதாது, உருவத்தையும் படிக்க வேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவர்கள் ரஷ்ய மரபினர். நவாஷினின் மாணவர் லெவிட்ஸ்கி குரோமோசோமின் பருமன், கைகளின் நீளம், இடுக்குகள் ஆகியவற்றை வகைப்பாட்டுச் சான்றுகளாக்கினார். மரபியலை மறுத்த லைசென்கோவின் கை சோவியத் அறிவியலில் ஓங்கியிருந்த காலத்தில் கைதாகி, 1942-இல் சிறையிலேயே இறந்தார். இத்துறையில் அடியெடுத்து வைப்போர் முதலில் அறிய வேண்டிய பெயர் அவருடையது.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் பாப்காக் குழுவினர் கிரெபிஸ் பேரினத்தை எடுத்துக்கொண்டார்கள். கிரெபிஸ் நெக்லெக்டாவில் 4 ஜோடி, ஃபூலிஜினோசாவில் 3 ஜோடி. டோப்கி இரண்டையும் கலந்து, கலப்பினத்தின் குன்றல் பகுப்பில் எது எதனோடு இணைகிறது என்று பார்த்து 1943-இல் வெளியிட்டார். ஒரு குரோமோசோமின் முக்கியப் பகுதிகள் மற்றொன்றுக்கு இடம்மாற, மிஞ்சிய சென்ட்ரோமியர் துண்டு தொலைந்திருக்கிறது. 4 தான் 3 ஆயிற்று என்று திசையே தெளிவானது. இந்த மரபின் உரைகல் இந்த ஆய்வுதான் என்பேன்.

அளவுகோல்கள் பின்னர் வந்தன. 1964-இல் லெவான், ஃபிரெட்கா, சாண்ட்பெர்க் மூவரும் கைநீள விகிதத்தைக் கொண்டு பெயரிடும் முறையை வகுத்தார்கள். 1971-இல் ஸ்டெபின்ஸ், குரோமோசோம்களின் பருமனிலும் கைநீளத்திலும் உள்ள சமச்சீரின்மையை 12 படிகளாகப் பிரித்தார். சமச்சீரற்றதெல்லாம் பிந்தியது என்று அதை விதியாக்கிக்கொண்டவர்கள் பலர். இரு குரோமோசோம்கள் ஒன்றாகிச் சமச்சீர் கூடும் நிகழ்வும் உண்டு என்பதைக் கியூ தோட்டத்தின் கீத் ஜோன்ஸ் எடுத்துக்காட்டினார். அளவெடுப்பிலும் கண்டிப்பு வேண்டும். வேர்நுனி கோல்ச்சிசினில் கூடுதல் நேரம் ஊறினால் குரோமோசோம்கள் சுருங்கி, கைநீளங்கள் மாறித் தெரியும். பல செல்களை அளக்காமல் எழுதிய கேரியோடைப்பை, அதாவது குரோமோசோம் தொகுதியின் உருவ விவரத்தை, நம்புவதற்கில்லை.

நம் பக்கத்துப் பெயர் ஜானகி அம்மாள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றியவர். டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் 1945-இல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு, ஆய்வுமேசைகளில் நெடுநாள் கைநூலாக இருந்தது.

இன்று லைசாக் போன்றவர்கள் கடுகுக் குடும்பத்தில் குரோமோசோம் துண்டுகளுக்குத் தனித்தனி வண்ண ஒளியூட்டிப் பார்க்கிறார்கள். மூதாதைச் செடியின் 8 குரோமோசோம்கள் எந்த இணைப்புகளால் அராபிடாப்சிஸில் 5 ஆயின என்பது, கலப்பினம் எதுவும் உண்டாக்காமலேயே, துண்டு துண்டாகப் படித்தறியப்பட்டுவிட்டது.