ஆடுகளம் யாருடையது?

கூத்தினை வேத்தியல் என்றும் பொதுவியல் என்றும் இரு கூறாக வகுத்தனர் நம் முன்னோர். மன்னர் காண ஆடுவது வேத்தியல்; மக்கள் காண ஆடுவது பொதுவியல். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றம் முன்னதற்குத் தக்க சான்று. கோல் கொண்டு அளந்து அமைத்த அரங்கிலே சோழ மன்னன் முன்னிலையில் அவள் ஆடினாள். தலைக்கோலும் 1008 கழஞ்சுப் பொன்னும் பரிசாகப் பெற்றாள். அதே காப்பியத்தில் ஆய்ச்சியர் குரவையும் குன்றக் குரவையும் உள்ளன. தீய நிமித்தம் கண்டு நெஞ்சு நடுங்கிய ஆயர் மகளிர் தம் சேரியிலேயே கைகோத்து ஆடினர். கண்ணகியைத் தெய்வமாகக் கண்ட மலைவாழ் மக்கள் தம் குன்றிலேயே ஆடினர். அளந்து கட்டிய அரங்கும் இல்லை, பொற்பரிசும் இல்லை. ஆடலாமா என்று அவர்கள் எவரிடமும் கேட்டதாக இளங்கோவும் கூறவில்லை.

இலக்கிய வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் எம் மனத்தில் ஒரு வினா எழுவதுண்டு. இன்றைய குன்றுகளில் வாழும் மக்கள் குரவை ஆட விரும்பினால், அதற்கு அநுமதி தருபவர் யார்?

பூனாகலையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடைபெறுகிறது. மன்மதனைச் சிவன் எரித்த கதையும் ரதியின் புலம்பலும் தப்பின் முழக்கத்தோடு இரவிரவாக ஆடப்படுகின்றன. பகலெல்லாம் கொழுந்து கொய்த பெண், கணவனை இழந்த ரதியின் ஒப்பாரியைக் கேட்டுத் தன் துயரையும் சேர்த்து அழுகிறாள். பார்ப்போர் வேறு, ஆடுவோர் வேறு என்ற பிரிவு அங்கே மெலிந்து போகிறது. பொதுவியல் என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டுமோ?

ஆயின் கூத்து ஆடப்படும் நிலம் ஆடுவோருடையதன்று. லயத்தின் முன்றிலும், கோயில் வெளியும், பெரட்டுக் களமும் துரையின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஒலிபெருக்கி கட்டவும், பந்தல் கால் நடவும், வெளியார் வந்து பேசவும் அவர் தலையசைக்க வேண்டும். வழிவழி வந்த கூத்துக்குப் பெரும்பாலும் தடை வருவதில்லை. புதியது ஒன்றை ஆட முற்படும்போதுதான் வேலியின் முட்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

சில காலத்துக்கு முன்னர் எம் மாணவர் ஒரு நாடகம் எழுதினர். மழைக்கு ஒழுகும் லயக்கூரையும், மாத முடிவில் சம்பளச் சீட்டைப் பார்த்து விழிக்கும் ஒரு தாயும் அதன் பொருள். ஒரு தோட்டத்தின் விளையாட்டுத் திடலில் அதனை ஆட விரும்பி அநுமதி கேட்டோம். பிரதியைக் காட்டுமாறு கூறினர், காட்டினோம். சம்பளச் சீட்டுக் காட்சியை விட்டுவிட்டால் ஆடலாம் என்று விடை வந்தது. எழுத்தில் அன்று, வாய்மொழியாக. அக்காட்சியே நாடகத்தின் உயிர். மாணவர் அதனை விட மறுத்தனர், நாடகம் ஆடப்படவில்லை.

அதே மாதத்தில் பட்டினத்துப் பொது மைதானத்தில் ஒரு வியாபார நிறுவனத்தின் இசைக் களியாட்டம் நடைபெற்றது. பணம் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கியோரே உள்ளே செல்லலாம். மைதானத்தைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தனர். நாள்தோறும் அங்கே பந்தாடும் சிறுவர் தகர இடுக்கின் வழியே பார்த்து நின்றனர். தென்னிந்தியத் திரைப்பாடல்கள் நள்ளிரவு வரை ஒலித்தன; பாட்டுக்குப் பாட்டு இடையில் நிறுவனத்தின் பண்டங்கள் புகழப்பட்டன. வாடகையும் வைப்புப் பணமும் செலுத்தப்பட்டிருந்தன. பொலிஸ் அநுமதியும் இருந்தது. என்ன பாடப் போகிறீர்கள் என்று எவரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. மறுநாட் காலை அம்மைத் தழும்பு விழுந்த முகம்போற் கிடந்தது மைதானம்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். பொது நிலத்தில் ஆடுவதற்கான அநுமதிச் சீட்டு வெறும் நிருவாகக் காகிதமன்று. அஃது ஒரு விமர்சகனும் ஆகும். எந்தக் கலை மக்கள் கண்ணில் பட வேண்டும், எது படலாகாது என்று அதுவே முதலில் தீர்ப்பளிக்கிறது. நாமெல்லாம் நாடகம் அரங்கேறிய பின்னர் விமர்சனம் எழுதுகிறோம். அதுவோ அரங்கேறுமுன் எழுதிவிடுகிறது.

இவ்விமர்சகனுக்கு நீண்ட வரலாறு உண்டு. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைகள் கட்டளைச் சட்டம், மேடையேறும் நாடகங்களை அரசின் கண்காணிப்புக்கு உட்படுத்திற்று. தமிழகத்தில் 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டத்தின் வழியில் 1954இலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எம். ஆர். ராதாவின் நாடகங்களை நோக்கியே அது வந்தது என்பர். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013ஆம் ஆண்டிலேதான் சென்னை உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதென அறிவித்தது. இங்கிலாந்திலும் 1737இல் சட்டமாக்கப்பட்ட நாடகத் தணிக்கை 1968இலேயே ஒழிந்தது.

மலையகத்திலோ சட்டம் வருமுன்பே வேலி இருந்தது. வெளியார் நுழைய இயலாத தோட்டங்களுக்குள் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்திற் புகுந்து தொழிலாளர் நிலையை அறிந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டாலேயே கருத்தைப் பரப்பினார். நடேசய்யர் 1937இல் வெளியிட்ட ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ தோட்ட வாழ்வையே நாடகமாக்கியது. மலையக இலக்கியத்தின் தொடக்கமே அநுமதியின்றி நுழைந்தவர்களால் ஆயது என்று கூறின் மிகையாகாது.

தோட்டம் தனியார் உடைமை, அங்கே துரையின் சொல்லே நிற்கும் என்று சிலர் வாதிடலாம். இவ்வாதம் வரலாற்றின் முன் நில்லாது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமை ஆக்கின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு அவற்றின் நிருவாகம் கைமாறியது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை வழங்கப்பட்டது. நிலம் குத்தகைக்குப் போயிற்றேயன்றி விற்கப்படவில்லை. அங்ஙனமாயின் பெரட்டுக் களமும் பொதுச் சொத்தே அன்றோ? பட்டினத்து மைதானம் எந்த அளவுக்குப் பொதுமக்களுடையதோ, அந்த அளவுக்குத் தோட்டத்துத் திடலும் பொதுமக்களுடையது.

உள்ளூராட்சியும் இம்மக்களை நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்தியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு, சபை நிதியிலிருந்து தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணி செய்வதற்குத் தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளி சபைக்கு வாக்களிக்கலாம். சபையோ அவன் லயத்துப் பாதைக்குக் கல் போட முடியாது! 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது. பாதைக்கு இருந்த தடை நீங்கிற்று. ஆடுகளத்துக்கு இருக்கும் தடை எப்போது நீங்கும்?

வியாபார நிகழ்ச்சிகளை முற்றாகத் தடுக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. சபைகளுக்கு வருவாய் தேவை. களியாட்ட வரியும் மைதான வாடகையும் தெருவிளக்குக்கும் நூலகத்துக்கும் உதவுமாயின் நன்றே. ஓய்வுநாளில் பாட்டுக் கேட்கும் தொழிலாளியை இகழ்வதும் படித்தோரின் செருக்கேயாகும். ஆயின் பணம் செலுத்துவோனிடம் பொருளைப் பற்றிக் கேளாத அநுமதி, பணமில்லாதவனிடம் மட்டும் பிரதியைக் கேட்பது என்ன நியாயம்? பண்டைய ஏதென்ஸ் நகரிலும் நாடகத்துக்கு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஆனால் அங்கே ஒப்புதல் என்பது கவிஞனுக்குக் குழுவினரை அளிப்பதாக இருந்தது. செலவைச் செல்வர் ஏற்றனர். பிற்காலத்தில் ஏழைகளும் நாடகம் காண அரசே பணம் அளித்தது. அந்நகரிலும் அடிமைகள் இருந்தனர் என்பதை மறக்கவில்லை. எனினும் அநுமதி என்பது தடுக்கும் கையாக மட்டுமன்றிக் கொடுக்கும் கையாகவும் இருக்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

நாம் கேட்பது பெரிதன்று. பொது மைதானங்களில் ஆண்டுதோறும் சில நாள்கள் உள்ளூர்க் கலைஞருக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும். வியாபாரக் களியாட்டங்களின் வாடகையில் ஒரு பங்கு அந்நாள்களின் செலவுக்குச் செல்ல வேண்டும். மறுப்பவர் எவராயினும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழி மறுப்பை எதிர்த்து எங்கும் முறையிட முடியாது. தோட்டத்துத் திடல்கள் அங்கு வாழும் மக்களின் பொது வெளிகளாகச் சபையின் பொறுப்பில் வர வேண்டும்.

எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். காமன் கூத்தை மறைந்துவரும் அரும்பொருளாகப் போற்றிக் கட்டுரை எழுதுகிறோம். நூதனசாலைக்கு உரியதுபோல் அதன் பாடல்களைத் தொகுக்கிறோம். நல்ல பணியே. ஆயின் அக்கூத்தை ஆடும் மக்கள் நாளை தம் சம்பளத்தைப் பற்றி ஆட விரும்பினால் அவர்களோடு நிற்போமா? பழங்கூத்தைப் போற்றிப் புதுக்கூத்துக்கு வாளாவிருப்பவன் மக்கள் கலையின் நண்பன் ஆகான்.

எம் மாணவரின் பிரதி இன்னும் பாடசாலை அலுமாரியில் இருக்கிறது. சம்பளச் சீட்டுக் காட்சி அதில் அப்படியே உள்ளது. அதனை எழுதியவர்களிற் சிலர் இப்போது தோட்டத்தில் வேலை செய்கின்றனர். அக்காட்சியை மாதந்தோறும் தம் வீட்டில் நடித்துக்கொண்டும் இருக்கின்றனர். அதற்கு மட்டும் எவருடைய அநுமதியும் தேவைப்படவில்லை.