ஒரு சொட்டுச் சாறு

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், கைக்கடக்கமான ஒரு குழல். கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் பிரிக்ஸ் எண், அதாவது சர்க்கரை அளவு. பேட்டரிகூட வேண்டாம், அழகான கருவி!

எண் தப்பினால் பெரும்பாலும் குற்றம் கையில்தான். கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டி வெயிலில் சுட்ட கருவி, 20 டிகிரி செல்சியஸுக்கு வகுத்த அளவோடு ஒத்துப்போகாது. காய்ச்சி வடித்த நீரை விட்டு முதலில் பூஜ்யத்துக்குத் திருக வேண்டும். குலையின் தோளில் கிள்ளிய பழம் இனிக்கும், நுனிப் பழம் ஏமாற்றும். பல குலைகளில் பறித்துப் பிசைந்து கலக்கிய சாறே நியாயம். மால்ட் சாற்றில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் வழுக்குவதும் இந்தக் கலக்கலில்தான்: கடைசியில் ஊற்றிய தண்ணீர் கலக்கும் முன்பே அளந்துவிடுவார்கள்.

சாறு நொதித்தபின் ஆல்கஹால் சேர்ந்து இக்கருவி இனிப்பைக் கூட்டிக் காட்டும். அப்போது மிதந்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர்தான், அதையும் குமிழி ஒட்டாமல் சுழற்றிவிட்டு மிதக்கவிட வேண்டும்.