குடைந்ததும் கட்டியதும்

மாமல்லபுரத்தைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் ஒரே ஏணியைத்தான் காட்டுகின்றன. முதலில் பாறையைக் குடைந்தார்கள், அடுத்துப் பாறையை வெளிப்புறமிருந்து செதுக்கி ரதங்களாக்கினார்கள், கடைசியில் கல்லை அடுக்கிக் கோயில் கட்டக் கற்றுக்கொண்டார்கள் என்பது அந்த வரிசை. கடற்கரைக் கோயில் உச்சிப்படி, மற்றவை அதற்கான பயிற்சி. பாடப்புத்தகத்துக்கு வசதியான இந்த வரிசை ரசிகனுக்குக் கெடுதல் செய்கிறது. ரதத்தின் முன்னால் நின்றுகொண்டு வரப்போகும் கட்டடத்தைத் தேட வைத்துவிடுகிறது. குடைவதும் கட்டுவதும் தனித்தனிக் கலைகள் என்பதற்கு அந்தக் கரையோரத்திலும் வெளியிலும் போதிய சாட்சி இருக்கிறது.

முதல் சாட்சி பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் அவன் பொறித்த கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறது. எதையெல்லாம் தவிர்த்தேன் என்று பட்டியல் போடுகிறவன் காலத்தில் அவற்றைக் கொண்டு கட்டும் வழக்கம் இருந்திருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்தில், அவனுக்கு அடங்கிய சிற்றரசன் ஒருவனின் மகன் கந்தசேனன் செய்வித்த குடைவரையும் அதே விருப்பத்தின் தொடர்ச்சிதான். சாளுவன்குப்பத்தில் ஆழிப்பேரலைக்குப் பின் அகழ்ந்தெடுத்த முருகன் கோயிலிலோ பல்லவர் காலக் கல்வேலைக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் தளம் கிடைத்தது. கட்டத் தெரியாததால் குடைந்தார்கள் என்று இனிச் சொல்ல முடியாது. குடைவது அவர்கள் விரும்பிச் செய்த வேலை.

அந்த வேலையின் சுவை முடிந்த சிற்பங்களைவிட முடியாதவற்றில்தான் நன்றாகப் பிடிபடும். பயணிகள் எட்டிப் பார்க்காத பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் இதற்காகவே போய்ப் பார்க்க வேண்டியவை. பாதியில் நின்ற குகைகளில், பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே ஆழமாக வாய்க்கால் வெட்டி, எஞ்சிய புடைப்புகளை அடித்துப் பெயர்த்திருப்பது அப்படியே தெரிகிறது. ரதங்களில் வேலை மேலிருந்து கீழே இறங்கியது. தர்மராஜ ரதத்தின் மேல்தளங்கள் நுணுக்கமாக முடிந்திருக்க, கீழ்த்தளம் முற்றுப்பெறவில்லை. பீம ரதத்தின் அடிப்பகுதியும் முரட்டுப் பாறையாகவே நிற்கிறது. கட்டுகிறவன் அடித்தளத்தில் தொடங்குகிறான், சரியில்லாத கல்லை எடுத்துவிட்டு வேறு கல் வைக்கிறான். இங்கே சிகரத்தில் முதல் உளி விழும்போதே கடைசித் தூணின் கனம் வரைக்கும் தீர்மானமாகியிருக்க வேண்டும். கருங்கல்லில் விட்டதை ஒட்டவைக்க வழியில்லை. அரைகுறையைப் போற்றுவது சிதிலத்தின் மேல் வரும் மயக்கம் என்று சிலர் சொல்லலாம். மன்னன் மாண்டானோ பணம் தீர்ந்ததோ, வேலை நின்ற காரணம் இங்கே பொருட்டில்லை. நின்ற இடத்தில் சிற்பியின் யோசனை வெளியே தெரிகிறது என்பதால்தான் அதற்கு மதிப்பு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ரதங்கள் மரக் கட்டடத்தின் நகல்தானே? திரௌபதி ரதம் கூரைக் குடிசை, பீம ரதம் வண்டிக்கூடாரம், விட்டமும் கூடு வளைவும் தச்சனிடம் கடன் வாங்கியவை. உண்மைதான். ஆனால் கடன் வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். மரத்தில் பாரம் தாங்கிய விட்டம் இங்கே எதையும் தாங்கவில்லை; பார்ப்பதற்காக மட்டுமே இருக்கிறது. நகுல சகாதேவ ரதத்தின் முதுகு யானைப் பின்புறம்போல வளைகிறது. தூங்கானை மாடம் என்று பெயர்பெற்ற வடிவம் அது. பக்கத்திலேயே ஒற்றைக்கல்லில் முழு யானை ஒன்றை நிறுத்தி, இரண்டு முதுகையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறான் சிற்பி. இந்தக் குறும்பை எந்தத் தச்சனும் சொல்லிக்கொடுக்கவில்லை. அர்ச்சுனன் தபசு என்னும் புடைப்புச் சிற்பத்தில் பாறையின் இயற்கைப் பிளவே நாகர்கள் நீந்தும் ஆறாகியிருக்கிறது. கல் அடுக்கிக் கட்டிய சுவரில் அப்படியொரு பிளவு எங்கிருந்து வரும்?

கடைசியில் கட்டுமானம்தானே வென்றது என்றால், கல் அடுக்கிக் கட்டிய கற்றளிகள் பெருகியதை மறுப்பதற்கில்லை. வேகமாக எழுப்பலாம், பாறை இல்லாத ஊரிலும் எழுப்பலாம். ஆனால் பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல் அடுக்கிக் கோயில்கள் எடுத்ததற்குப் பிறகுதான் கழுகுமலையில் பாண்டியரின் வெட்டுவான் கோயிலும், எல்லோராவில் ராஷ்டிரகூடரின் கைலாசநாதரும் பாறையிலிருந்து பிறந்தன. உச்சிப்படி ஏறியவர்கள் கீழே இறங்கி வந்தார்களா என்ன? மாமல்லபுரச் சின்னங்கள் எல்லாமே ராஜசிம்மன் காலத்தவை என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962இல் வாதிட்டார். பலர் ஏற்கவில்லை. அவர் சொன்னது சரியென்றால் ஏணிக்கு ஊன்ற இடமே இல்லை. சரியில்லை என்றாலும் மண்டகப்பட்டும் கழுகுமலையும் ஏணியைச் சாய்க்கப் போதும்.

உச்சிப்படி என்கிற கடற்கரைக் கோயிலையே எடுத்துக்கொள்வோம். இரண்டு சிவன் கோயில்களின் ஒல்லியான விமானங்கள் அடுக்குக்கல்லின் சாதனை. அந்த ஒடுக்கமும் உயர்வும் கட்டுவதற்கே உரிய அழகு. இரண்டுக்கும் நடுவே பள்ளிகொண்டிருக்கும் திருமால் மட்டும் தரையோடு ஒட்டிய பாறையிலேயே செதுக்கப்பட்டவர். வளாகத்தில் 1990இல் வெளிப்பட்ட வராகமும் அப்படியே. வெளியிலிருந்து வந்த கற்கள், இடம் பெயராத அந்தப் பாறைக்கு அணைவாக ஏறியிருக்கின்றன. கோயிலை எடுத்தவர்கள் இரண்டு வேலையையும் ஒரே வளாகத்தில் வைத்துக்கொண்டார்கள், ஒன்றுக்காக மற்றதை விட்டுவிடவில்லை.