வீரனின் அங்கியும் சொட்டும் குழாயும்: ஆபித் சுர்த்தியின் சித்திரப் பயணம்

2005 செப்டம்பரில் டென்மார்க் நாளேடு ஒன்று நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் சித்திரங்களை வெளியிட்ட பின்னர், ‘கேலிச்சித்திரம்’ என்னும் சொல்லே முஸ்லிம் செவிகளில் வசைச்சொல்லாக ஒலிக்கத் தொடங்கிவிட்டது. அந்த மனக்கசப்பு இயல்பானதே. ஆயினும் நகைப்பு அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நம் மரபன்று. பிறரைச் சிறுமைப்படுத்தும் ஏளனத்தை அரபு மொழி ‘ஸுக்ரிய்யா’ என்கிறது. உள்ளம் நோகாது மகிழ்விக்கும் நகைச்சுவையை ‘மிஸாஹ்’ என்கிறது. முன்னதைத் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:11) வெளிப்படையாகத் தடுக்கிறது. பின்னதோ நபிகளாரின் வாழ்விலேயே இடம்பெற்றது. ஏறிச்செல்ல வாகனம் வேண்டி வந்தவரிடம் ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாக அவர்கள் கூற, குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். வளர்ந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அதில் பொய்யில்லை, புண்படுத்தலும் இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் நாவின் தீங்குகளை ஆராயுமிடத்து இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துப் பேசுவதும் இதனாலேயே.

உருவம் வரைதல் குறித்த ஃபிக்ஹு விவாதம் தனியே பேசப்பட வேண்டியது. இங்கு நாம் நோக்குவது நகைப்பின் அறத்தை மட்டுமே. அந்த அளவுகோலைக் கொண்டு அளந்து பார்க்கத் தக்கவர், 1935இல் குஜராத்தில் பிறந்து மும்பையின் டோங்கிரிப் பகுதியில் வளர்ந்த ஆபித் சுர்த்தி. ஓவியர், நாவலாசிரியர், சித்திரக்கதைப் படைப்பாளி எனப் பல முகங்கள் கொண்டவர்; சிறுகதைத் தொகுதி ஒன்றுக்காகத் தேசிய விருதும் பெற்றவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்கள் ரயிலிலிருந்து வீசியெறிந்த மிக்கி மவுஸ் புத்தகத்துக்குச் சிறுவர்கள் முண்டியடித்தபோது, தம் கையில் சிக்கிய கிழிந்த தாளைப் பார்த்து வரையத் தொடங்கியதாக அவர் கூறியுள்ளார். அந்நிய வீரர்கள் வீசியெறிந்த புத்தகத்தின் துண்டிலிருந்து தொடங்கிய அவர், பின்னாளில் அந்நிய வீரர்களின் கதையையே தமக்குரிய முறையில் கிழித்துத் தைத்தார்.

டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் ‘இந்திரஜால் காமிக்ஸ்’ இதழைத் தொடங்கியபோது அதன் நாயகன் ‘பேண்டம்’. தமிழ் வாசகர்கள் ‘மாயாவி’ என்று அறிந்த அதே முகமூடி வீரன். அமெரிக்கரான லீ ஃபால்க் 1936இல் படைத்த இவன், காட்டில் அரியணையிட்டு அமர்ந்து கறுப்பின மக்களைக் காக்கும் வெள்ளையன். இருபத்தொரு தலைமுறையாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் வேடத்தால், சாவே இல்லாதவன் என அம்மக்களை நம்பவைப்பவன். விடுதலை பெற்ற நாட்டின் சிறுவர்கள் இத்தகைய கதையைப் பல ஆண்டுகள் விரும்பிப் படித்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

இதற்கு மாற்றாக 1976இல் அதே இதழில் சுர்த்தி உருவாக்கியவனே ‘பகதூர்’. கோவிந்த் பிராமணியா அவனுக்கு வடிவம் கொடுத்தார். அவனுக்கு முகமூடி இல்லை. இறுகப் பிடித்த உடையும் இல்லை. ஜீன்ஸ் காற்சட்டையும் குர்த்தாவுமே அவன் கோலம். கொள்ளையனின் மகனாகப் பிறந்து, தந்தையைச் சுட்டுக் கொன்ற காவல் அதிகாரியாலேயே வளர்க்கப்பட்டவன். பேண்டம் குருதிவழியாக வீரத்தைப் பெறுகிறான். பகதூரோ குருதிவழி வந்ததைத் துறந்து வீரனாகிறான். மக்களைத் தனியொருவனாகக் காப்பதற்குப் பதில், அவர்களையே திரட்டிக் குடிமக்கள் பாதுகாப்புப் படை அமைக்கிறான். மேலைநாட்டு வீரக்கதையின் அடித்தளத்தை இதன்மூலம் சுர்த்தி ஓசையின்றி அசைத்துவிட்டார்.

ஆனால் முழுமையாக அசைத்தாரா? 1972இல் சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர் பலர் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் முன்னிலையில் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். ஆயுதமேந்தாத சர்வோதயத் தொண்டர்கள் ஆற்றிய பணி அது. நான்கே ஆண்டுகள் கழித்து வந்த பகதூரோ கைமுட்டியையும் துப்பாக்கியையுமே நம்பினான். நிகழ்ந்த வரலாறு கதையைவிட ஒரு படி முன்னே சென்றிருந்தது. வேடத்தைக் களைந்த சுர்த்தி வன்முறையைக் களையவில்லை என்பது பகதூரின் குறை. இந்திரஜால் 1990இல் நின்றது.

அக்குறைக்கான விடை ‘டப்பூஜி’யில் இருக்கிறது. தர்மவீர் பாரதி ஆசிரியராக இருந்த ‘தர்மயுக்’ இந்தி வார இதழில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெளிவந்த துணுக்குச் சித்திரம் இது. வாசகர் பலர் அவ்விதழைப் பின்பக்கத்திலிருந்தே புரட்டினர் என்பர். அரபு நூலைத் திறப்பது போல! டப்பூஜி குள்ளமானவர், கறுப்பு அங்கி போர்த்தவர். அந்த அங்கியைக் காணுந்தோறும் வானில் பறக்கும் வீரர்களின் மேலங்கி எனக்கு நினைவுக்கு வருகிறது. டப்பூஜி அதை அணிந்து எங்கும் பறப்பதில்லை. வீட்டிலும் தெருவிலும் அன்றாடம் தோற்றுப்போகிறார். அடிபடுவது எப்போதும் அவருடைய சொந்தப் பெருமையே. பிறிதொரு கூட்டத்தாரை இழிவுபடுத்தி அவர் நகைப்பைச் சம்பாதிப்பதில்லை.

தமிழ் முஸ்லிமுக்கு இந்த மனப்பாங்கு புதிதன்று. போர்வீரத்தைப் பாடப் ‘படைப்போர்’ இலக்கியம் படைத்த நம் புலவர்களின் மரபிலேயே ‘சீதக்காதி நொண்டி நாடக’மும் இருக்கிறது. திருடித் திரிந்து கால் வெட்டுண்ட ஒருவன், தன் இழிசெயல்களைத் தன் வாயாலேயே நகைச்சுவை ததும்பச் சொல்லி, இறுதியில் இஸ்லாத்தைத் தழுவி மக்கா சென்று கால் பெறுகிறான். வாளேந்திய வீரனையும் நொண்டியையும் ஒருசேரப் பாடத் தெரிந்த சமுதாயம் சமநிலை உடையது. டப்பூஜி அந்த நொண்டியின் தூரத்து உறவினர்.

உலக அளவில் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் ‘மேட்’ இதழில் ஹார்வி கர்ட்ஸ்மன் 1953இல் எழுதிய ‘சூப்பர்டூப்பர்மேன்’ சூப்பர்மேனை நேரடியாகப் பகடி செய்தது. குவைத்தின் நாயிஃப் அல்முதவ்வா 2006இல் தொடங்கிய ‘தி 99’ எதிர்வழியில் சென்றது. இறைப்பண்புகளை நினைவூட்டும் பெயர்களோடு முஸ்லிம் சூப்பர் வீரர்களைப் படைத்தது. அதன் நோக்கம் நல்லதாயினும், இரவல் அங்கியை அணிந்துகொண்டு நாமும் பறப்போம் என்பதே அதன் வாதம். சுர்த்தியின் வழி மூன்றாவது. அவர் அங்கியைத் தரையில் நடக்கவிட்டார்.

அவ்வாறு நடந்தவர் 2007இல் குழாயடிக்கு வந்து சேர்ந்தார். நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் மாதத்தில் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் நீரை வீணாக்கும் என்று படித்தவர், இந்தி இலக்கியப் பணிக்காகக் கிடைத்த ஒரு லட்சம் ரூபாயை முதலாக்கி ‘டிராப் டெட் பவுண்டேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ‘டிராப்’ துளியையும் குறிக்கும். வீழ்ந்து மடிவதையும் குறிக்கும். பெயரிலேயே பழைய கேலிக்காரர் எட்டிப் பார்க்கிறார். ஞாயிறுதோறும் ஒரு பிளம்பரையும் பெண் தொண்டர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீரா ரோடு அடுக்ககங்களில் வீடு வீடாகச் சென்று, ஒழுகும் குழாய்களுக்குக் கட்டணமின்றி வாஷர் மாற்றிக் கொடுத்தார். முதல் ஆண்டில் 1,666 வீடுகளுக்குச் சென்று 414 குழாய்களைச் சீர்செய்து, ஏறத்தாழ 4.14 லட்சம் லிட்டர் நீரைக் காத்ததாகக் கணக்கு.

ஒரு மறுப்பு எழலாம். நான் வாழும் பூதலூர் வட்டத்தில்தான் கல்லணை இருக்கிறது. காவிரி இங்கே பிரிந்து டெல்டாவுக்குள் நுழைகிறது. ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் உரிய நாளில் திறக்க இயலவில்லை. கடைமடை உழவரின் துயரை ஒரு வாஷர் தீர்க்குமா? தீர்க்காது. அரசுகளும் ஆணையங்களும் ஆற்ற வேண்டியதைத் தனிமனிதர் ஆற்ற இயலாது. ஆயின் அந்த வாதத்தையே காரணமாக்கிப் பள்ளிவாசல் குழாயை ஒழுகவிடுவோர்க்கு அது விடையாகாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு, அதாவது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஆதாரபூர்வமான ஹதீஸ். ஓடும் ஆற்றங்கரையிலும் வீண்விரயம் கூடாது என்னும் இப்னுமாஜா அறிவிப்பின் தொடர் பலவீனமானது என ஹதீஸ் கலையினர் சிலர் கூறினும், அதன் கருத்து விரயத்தைத் தடுக்கும் திருமறை வசனத்தோடு (7:31) முற்றும் பொருந்துவது. பெருகி ஓடும் ஆறும் வறண்டு கிடக்கும் ஆறும் பார்த்த எங்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பகதூர், டப்பூஜி, குழாய் ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும்போது சுர்த்தியின் கலைவாழ்வு தெளிவாகிறது. முதலில் வீரனின் முகமூடியைக் கழற்றினார். அடுத்து அவன் வெற்றியைக் கழற்றினார். கடைசியில் கதையையே கழற்றி வைத்துவிட்டு வேலையை எடுத்துக்கொண்டார். ‘ஆபித்’ என்னும் அரபுச் சொல்லுக்கு வணக்கசாலி என்பது பொருள். வானிலிருந்து ஒரு மீட்பர் வந்து தன் இடரைத் தீர்ப்பார் என்று காத்திருக்கும் பழக்கம் நம் சமுதாயத்தை இன்னும் விட்டபாடில்லை. அந்தக் காத்திருப்பை நகைக்கத் தெரிந்த கேலிச்சித்திரக்காரர் நமக்குப் பகைவர் அல்லர். நாவின் தீங்கிலிருந்து தம் தூரிகையைக் காத்துக்கொண்டவரை வேண்டியவர் என்றே கொள்ள வேண்டும்.