வாசலில் வைக்கும் பரீட்சை

மடவளை மதீனா தேசியப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் முடித்துச் சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைக்குக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை இருக்கிறது. இன்னொரு வழி கொழும்பு புதுக்கடையில் உள்ள, 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரி. எங்கே சேர்ந்தாலும், மாணவர் தாமே நடத்தும் சட்ட இதழ் ஒன்றில் இடம்பிடிப்பது படிப்பின் பாதிக்குச் சமம் என்று சட்டத்தரணிகள் பலர் சொல்வார்கள். அந்த இடத்தை எப்படிப் பெறுவது என்பதில் இலங்கையும் இந்தியாவும் வேறு வேறு பழக்கத்தை வளர்த்திருக்கின்றன. சேர்வதற்கு என்ன தகுதி கேட்கிறார்களோ, இதழும் கடைசியில் அதுவாகவே ஆகிவிடுகிறது என்பது என் துணிபு.

இந்தியாவில் இப்பழக்கம் அமெரிக்காவைப் பார்த்து வந்தது. ஹார்வர்ட் சட்ட மாணவர்கள் 1887இல் தொடங்கிய இதழே அதற்கு மூலம். பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி வகுப்புகளைத் தொடங்கிய ஆரம்ப ஆண்டுகளிலேயே அதன் மாணவர்கள் 'ஸ்டூடன்ட் அட்வகேட்' என்ற இதழை நடத்தினார்கள். அதுவே இன்று 'நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரிவியூ'. கொல்கத்தாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் 2008இல் தங்கள் இதழைக் கொண்டு வந்தார்கள். இத்தகைய இதழ்களில் சேரப் பெரும்பாலும் பரீட்சை உண்டு. பிழைகளை வேண்டுமென்றே நுழைத்த ஒரு பக்கத்தைக் கையில் தந்து, அடிக்குறிப்புகளைச் சீராக்கு, வாதத்தில் ஓட்டை எங்கே என்று எழுது என்பார்கள். விடைத்தாளில் பெயருக்குப் பதிலாக இலக்கம் இருக்கும். உள்ளே வந்தவர் முதல் வருடம் முழுக்க மற்றவர்களின் மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்; ஆசிரியர் பதவி அதற்குப் பிறகுதான். இந்த உழைப்பு வீண்போகவில்லை. 2009இல் டெல்லியின் தனியார் பள்ளிக் கட்டணம் பற்றிய தீர்ப்பில் பெங்களூர் இதழை இந்திய உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியது.

நம் பக்கத்தில் சட்டக் கல்லூரித் தமிழ் மன்றம் 'நீதிமுரசு' வெளியிடுகிறது. அதே கல்லூரியின் முஸ்லிம் மஜ்லிஸ் 'மீஸான்' வெளியிடுகிறது. இரண்டும் ஆண்டு மலர்கள். மன்றத்தின் நிர்வாகக் குழுவோடு சேர்ந்தே இதழாசிரியரும் தெரிவாகிறார். ஆக, சேர்வது என்பது மன்றத்துக்காக ஓடியாடி உழைப்பது: நீதியரசர்களிடம் வாழ்த்துச் செய்தி வாங்குவது, விளம்பரம் சேர்ப்பது, சிரேஷ்ட சட்டத்தரணிகளிடம் கட்டுரை கேட்டு அலைவது, அச்சகத்தில் காத்துக் கிடப்பது. இதைக் குறைவாக மதிப்பிட எனக்கு மனமில்லை. இந்தியாவின் புகழ்பெற்ற மாணவர் இதழ்கள் ஆங்கிலத்திலேயே இயங்குகின்றன. சட்டத்தைத் தமிழில் யோசித்துத் தமிழில் எழுதும் மாணவர் மரபைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவை நம் மன்றங்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 இறுதியில் வர்த்தமானி வந்து, 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்ததை நினைத்துப் பார்த்தால், இந்த மலர்கள் எதைத் தாங்கி நிற்கின்றன என்பது விளங்கும்.

ஆனால் உழைப்பைப் பார்த்து ஆளைச் சேர்க்கும் இதழ், உழைப்பு நன்றாகத் தெரியும் இடங்களிலேயே சிறக்கிறது. வாழ்த்துச் செய்தி தவறாமல் வந்து சேரும். அடிக்குறிப்பைச் சரிபார்க்க ஆள் இருக்காது. பெரியவரிடம் கெஞ்சி வாங்கிய கட்டுரையைத் திருத்தித் தாருங்கள் என்று திருப்பி அனுப்பும் துணிவும் எந்த மாணவருக்கும் எளிதில் வராது.

இது வெறும் நுணுக்கம் பார்க்கும் விஷயமா? மலையகத் தமிழரின் வாக்குரிமை வழக்கை எடுத்துக்கொள்வோம். உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்.எல்.ஆர். என்ற வழக்குத் தீர்ப்புத் தொகுப்பின் 53ஆம் தொகுதியில் இருக்கிறது; கொடக்கன் பிள்ளையின் மேன்முறையீட்டில் பிரிவி கவுன்சில் 1953இல் தந்த தீர்ப்பு 54ஆம் தொகுதி, 433ஆம் பக்கம். இரண்டிலும் முதனாயக்க என்ற பெயர் வருவதால் ஒன்றுக்கு மற்றதைக் குறிப்பிட்டுவிடுவது சுலபம். ஒரு மலரில் அந்தப் பிழை ஏறினால் அடுத்த கட்டுரையாளர் அதையே பிரதி பண்ணுவார். மடவளை போன்ற முஸ்லிம் ஊர்களுக்கு இன்னும் நெருக்கமானது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதன் 74ஆம் பிரிவுப்படி காதி நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்ற முடியாது. கணவன் தலாக் சொல்வதற்கான நடைமுறை இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மனைவி கேட்கும் பஸஹ் விவாகரத்துக்கு மூன்றாம் அட்டவணை. காதி முன் தனியாக நிற்கும் பெண்ணுக்குத் தமிழில் படிக்கக் கிடைக்கும் ஒரே சட்ட விளக்கம் ஒரு மாணவர் மலரின் கட்டுரையாகவே இருக்கலாம். அங்கே அட்டவணை மாறிப்போனால் நட்டம் அவளுக்கு. இந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல்தான் அறிக்கை தந்தது. நடுவில் இருந்த ஒன்பது ஆண்டு விவாதம் ஊருக்கு வந்ததில் இப்படியான தமிழ்க் கட்டுரைகளுக்கும் பங்கு இருந்திருக்கும்.

பரீட்சை வைத்தால் வசதியான வீட்டுப் பிள்ளைகளே உள்ளே வருவார்கள் என்ற மறுப்பு வலுவானது. இந்திய அனுபவமே அதற்குச் சாட்சி. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் நகரத்து ஆங்கிலமொழிப் பிள்ளைகளால் நிரம்பியிருந்ததைக் கண்டுதான் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் 'இடியா' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆனால் அந்த வடிகட்டலைச் செய்ததில் மொழிக்கும் பயிற்சி வகுப்புக் கட்டணத்துக்கும் பெரிய பங்கு உண்டு. தமிழில் எழுதிய ஒரு பக்கத்தைத் தந்து பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் பரீட்சை, வத்தேகம வீதியில் பஸ் ஏறி வரும் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒரே உயரத்தில் நிற்கும். சொல்லப்போனால், யாரையும் தெரியாத வெளியூர்ப் பிள்ளைக்குத்தான் இலக்கமிட்ட விடைத்தாள் கூடுதலாக உதவும்; இன்றைய முறையில் மன்றத்துச் சிரேஷ்டர்களின் பழக்கம் இல்லாதவர் பின்வரிசையில் நின்றுவிடுகிறார்.

தமிழில் படிப்பவர்களே கொஞ்சப் பேர், இலக்கம் போட்டாலும் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் சொல்லலாம். அதற்கு வழி இருக்கிறது. புதுக்கடை விடைத்தாள்களைப் பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கும் தமிழ் மாணவர்கள் திருத்தட்டும். அவர்களுடையதைப் புதுக்கடை திருத்தட்டும். மூன்று இடங்களும் ஒரே அடிக்குறிப்பு முறைக்கு உடன்பட வேண்டி வரும். தமிழில் வழக்கை எப்படிக் குறிப்பது என்பதற்குப் பொது ஒழுங்கு ஒன்று உருவாகவும் அது வழி செய்யும்.

அறிஞரின் எழுத்தை மாணவர் திருத்துவதா என்ற கேள்வி அமெரிக்காவிலேயே பழையது. யேல் பேராசிரியர் பிரெட் ரொடெல் 1936இலேயே சட்ட இதழ்களை வன்மையாகச் சாடினார். கருத்தை எடைபோடுவதில் மாணவருக்கு எல்லை உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தொகுதி எண்ணையும் பிரிவு இலக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிட முதுமை தேவையில்லை. பொறுமையும் பயிற்சியும் போதும். வாழ்த்துச் செய்தி வாங்குவதையும் விளம்பரம் சேர்ப்பதையும் மன்றக் குழு தொடர்ந்து செய்யட்டும். கட்டுரைப் பக்கங்களைத் தனி ஆசிரியர் குழுவிடம் கொடுத்து, அந்தக் குழுவுக்கு மட்டும் இலக்கமிட்ட பரீட்சை வைக்கலாம். மீஸானும் நீதிமுரசும் அடுத்த மலருக்கே இதைத் தொடங்கலாம். முதல் வினாத்தாளுக்கு, இரண்டாம் அட்டவணையையும் மூன்றாம் அட்டவணையையும் இடம் மாற்றி எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்தால் போதும்.